சி.டி. ஸ்கேன் எடுக்கக் கொழும்புக்கு வருபவர்களுக்கு: சிட்டை முதல் அறிக்கை வரை

வைத்தியர் ஒரு சிட்டையில் ‘சி.டி.’ என்று எழுதித் தந்தவுடன், எங்கே எடுத்தால் நல்லது, எவ்வளவு முடியும் என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலானோருக்கு முதலில் எழுகின்றன. அவை நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கு முன்னர் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த ஸ்கேனில் வைத்தியர் எதைத் தேடுகிறார் என்பதே. தலையில் இரத்தக்கசிவைத் தேடும் ஸ்கேனும், ஈரலில் கட்டியைத் தேடும் ஸ்கேனும், சிறுநீர்க் குழாயில் கல்லைத் தேடும் ஸ்கேனும் ஒரே இயந்திரத்தில் எடுக்கப்பட்டாலும், ஆயத்தமும் மருந்தும் படமெடுக்கும் முறையும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, ஓர் இரத்தப் பரிசோதனை அறிக்கை கையில் இல்லாத காரணத்தால் அன்று ஸ்கேன் எடுக்க முடியாமல் திரும்புவோரைக் கொழும்பு வைத்தியசாலைகளின் கதிரியக்கப் பிரிவு வாசல்களில் அடிக்கடி காணலாம். அந்த வீண் அலைச்சலைத் தவிர்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இயந்திரம் எதைக் காட்டுகிறது

சாதாரண எக்ஸ்ரே படத்தில் விலா எலும்பு, இதயம், நுரையீரல் எல்லாவற்றின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும். சி.டி. இயந்திரத்திலோ எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றிச் சுழல்கிறது. எதிர்ப்பக்கத்திலுள்ள உணரிகள் எந்தத் திசையில் எவ்வளவு கதிர் உடலைக் கடந்து வந்தது என்பதை அளக்கின்றன. அந்த அளவீடுகளிலிருந்து கணினி உடலின் குறுக்குவெட்டுப் படங்களைக் கணித்துத் தருகிறது. வெட்டிய பாணின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதைப்போல, ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லிய துண்டுகளாகக்கூட உடலின் உட்பகுதியை வைத்தியர் பார்க்க முடிகிறது.

இந்த முறையில் முதல் நோயாளிக்குப் படமெடுக்கப்பட்டது 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி, இலண்டன் விம்பிள்டனிலிருந்த அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில். இயந்திரத்தை உருவாக்கியவர் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். அதற்கான கணித அடிப்படையைத் தென்னாபிரிக்காவில் பிறந்த அலன் கோர்மக் தனியாக முன்னரே வகுத்திருந்தார். 1979இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர் இன்றும் ஒவ்வொரு சி.டி. படத்திலும் ஓர் அளவுகோலாக இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, கொழுப்புக்கு ஏறத்தாழ −100, மூளைத் திசுவுக்கு 30 முதல் 40 வரை, உறைந்த புதிய இரத்தத்துக்கு 60 முதல் 80 வரை, கடினமான எலும்புக்கு அதற்கும் வெகுமேலே. சிறுநீரகத்தில் தெரியும் ஓர் உருண்டை வெறும் நீர்க்கட்டியா, கொழுப்புக் கட்டியா, சதைக் கட்டியா என்பதை வைத்தியர் பிரித்தறிவதில் இந்த எண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அறிக்கையில் ‘எச்.யூ.’ என்று குறிக்கப்படுவது இதுதான்.

எப்போது சி.டி., எப்போது வேறு

பாரிசவாதத்தில்தான் சி.டி.யின் அருமை மிகத் தெளிவாகத் தெரிகிறது. வாய் ஒருபக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியாமல் விழுகிறது, பேச்சுக் குழறுகிறது என்றால், மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம், அல்லது குழாய் வெடித்து இரத்தம் கசிந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய எவராலும் முடியாது. அடைப்பு என்றால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாம். கசிவு என்றால் அதே மருந்து உயிரைப் பறித்துவிடும். மாற்றுமருந்து (படம் தெளிவாகத் தெரிய ஊசியால் ஏற்றப்படும் மருந்து) எதுவும் ஏற்றாமல் சில நிமிடங்களில் எடுக்கப்படும் தலை ஸ்கேனில் கசிந்த இரத்தம் வெண்மையாகத் தெரிந்துவிடும். அடைப்பு மட்டும் இருந்தால் முதல் சில மணித்தியாலங்களில் படம் ஏறக்குறையச் சாதாரணமாகவே தோன்றலாம். அப்படித் தோன்றுவதும் வைத்தியருக்குப் பயனுள்ள விடைதான். கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், இந்த நிலையில் ஸ்கேன் நிலையம் தேடி அலைவதோ, சனல் பண்ணி வைத்தியருக்காகக் காத்திருப்பதோ கூடவே கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லுங்கள். வைத்தியர் உங்களிடமிருந்து முதலில் எதிர்பார்ப்பது அந்த நேரத்தைத்தான்.

வீதி விபத்தில் தலையில் அடிபட்டவர், சிறுநீர்க் கல் வலியால் துடிப்பவர், குடல்வளரி அழற்சி என்று சந்தேகிக்கப்படுபவர், நுரையீரல் இரத்தக் குழாயில் இரத்தக் கட்டி அடைத்திருக்கலாம் என்று கருதப்படுபவர் ஆகியோருக்கும் சி.டி. விரைவான விடையைத் தருகிறது. புற்றுநோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அறியவும், ஊசியைச் சரியான இடத்துக்குச் செலுத்தித் திசு எடுக்கவும் இதுவே வழிகாட்டுகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் சி.டி. சிறந்ததல்ல. பித்தப்பைக் கல்லுக்கு முதலில் எடுக்க வேண்டியது சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்; சில பித்தக் கற்கள் சி.டி.யில் தெரியாமலே போய்விடும். முதுகெலும்பு வட்டு விலகி நரம்பை அழுத்துவதையும், முழங்கால் எலும்புகளை இணைக்கும் நார்கள் கிழிந்திருப்பதையும், எக்ஸ்ரேக்குப் பதிலாகக் காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும். ‘காசு போனாலும் பரவாயில்லை, உடம்பு முழுவதையும் ஒரு தடவை சி.டி. எடுத்துப் பார்த்துவிடுவோம்’ என்று வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோருக்கு அன்போடு ஏற்பாடு செய்வதுண்டு. அந்த அன்பை மதிக்கிறேன். ஆயினும் அறிகுறியோ வைத்தியரின் கேள்வியோ இல்லாமல் எடுக்கப்படும் ஸ்கேன் நன்மையைவிடக் குழப்பத்தையே அதிகம் தரும் என்பது என் உறுதியான கருத்து.

கதிர்வீச்சைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நமக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு உலக சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிசீவேட் (உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவேட்டுக்கு மேல் போவதில்லை. தலை சி.டி. ஏறத்தாழ 2, வயிறும் இடுப்பும் சேர்ந்த சி.டி. ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவேட். இதனால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறிதளவே கூடும் என்று கணிக்கப்படுகிறது. தேவையான ஸ்கேனை மறுப்பதற்கு அது காரணமாகாது. தேவையற்ற ஸ்கேனைத் தவிர்ப்பதற்கு அது போதுமான காரணம். குழந்தைகளின் உடல் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் என்பதால், அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. போதுமா என்று தயங்காமல் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும், மாதவிடாய் நாள் தள்ளிப்போயிருந்தாலும், ஸ்கேன் அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். மாமியாரோ அண்ணனோ பக்கத்தில் நிற்கும்போது சொல்லக் கூச்சமாக இருந்தால், தாதியைத் தனியாக அழைத்துச் சொல்லலாம்.

கொழும்பில் எங்கே போவது

கொழும்பு 10இல் உள்ள தேசிய வைத்தியசாலையில் ஸ்கேனுக்குக் கட்டணம் இல்லை. அவசர நோயாளிகளுக்கு உடனே எடுக்கப்படும். கிளினிக் நோயாளிகளுக்குத் திகதி கொடுக்கப்படும். பிள்ளைகளுக்குப் பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு மஹரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலை. நகரின் தென்புறத்தில் தங்கியிருப்போருக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை. ஸ்ரீ ஜயவர்தனபுர பொது வைத்தியசாலை அரச வைத்தியசாலையாக இருந்தும் கட்டணம் அறவிடுவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிமாவட்டங்களிலிருந்து வருவோர் பலர் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு தனியார் வைத்தியசாலைகளை நாடுகிறார்கள். விலை கேட்கும்போது வெறும் தொகையை மட்டும் கேட்காதீர்கள். அத்தொகைக்குள் மாற்றுமருந்து, அறிக்கை, படங்கள் பதிந்த சீடித் தட்டு ஆகியவை அடங்குமா, அறிக்கை எப்போது கிடைக்கும் என்று சேர்த்துக் கேளுங்கள். மாற்றுமருந்துக்குத் தனியாகப் பணம் கேட்கப்படும்போது கையில் காசு போதாமல் மருந்து இல்லாமலே படமெடுத்துப் போவதைப்போல வீண்செலவு வேறில்லை. கட்டியைத் தேடும் ஸ்கேனை மருந்தின்றி எடுத்தால், வைத்தியர் பெரும்பாலும் மறுபடியும் எடுத்துவரச் சொல்வார். பணம் தட்டுப்பாடென்றால், தனியார் கிளினிக்கில் பார்த்த வைத்தியரிடமே அரச வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

சிட்டையை வாசித்துப் பாருங்கள்

கையில் இருக்கும் தாள்களிலெல்லாம் முக்கியமானது கோரிக்கைப் படிவம். அதில் ‘வயிற்று சி.டி.’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பாதிப் படிவம்தான். படத்தை வாசிக்கும் கதிரியக்க விசேட வைத்திய நிபுணர் உங்களைப் பெரும்பாலும் நேரில் காணமாட்டார். அவருக்கு உங்களைப் பற்றித் தெரிவதெல்லாம் அந்தப் படிவத்தின் மூலமே. ‘மூன்று மாதமாக உடல் மெலிவு, கண் மஞ்சள், வலியில்லை, கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி உண்டா?’ என்று படிவத்தில் இருந்தால், அவர் கணையத்துக்கேற்ற முறையில் படமெடுக்கச் சொல்வார், அந்த இடத்தை மெல்லிய துண்டுகளாகப் பார்ப்பார், முன்பு சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அதையும் கணக்கிலெடுப்பார். வெறுமனே ‘வயிற்று வலி’ என்றிருந்தால் பொதுவான படமும் பொதுவான பதிலுமே கிடைக்கும். எனவே வைத்தியரின் அறையைவிட்டு எழும்பும் முன், ‘ஐயா, இதில் என்னத்தைப் பார்க்கப் போகிறீர்கள், மருந்து ஏற்றித்தான் எடுக்க வேண்டுமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல வைத்தியர் எவரும் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

படிவத்தோடு தேசிய அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பாவிக்கும் மருந்துகளின் பட்டியல் அல்லது மருந்து அட்டைகள், முன்னர் எடுத்த ஸ்கேன்களின் அறிக்கைகளும் சீடியும் இருக்க வேண்டும். பழைய படத்தைக் கொண்டுவருவது வெறும் சம்பிரதாயம் அன்று. நுரையீரலில் தெரியும் ஒரு சிறு முடிச்சு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னும் அதே அளவில் இருந்தது என்று தெரிந்தால், அந்த ஒரு தகவலே ஒரு குடும்பத்தின் பல மாதப் பயத்தை நீக்கிவிடும்.

மாற்றுமருந்து

இரத்தக் குழாய்களையும் கட்டிகளையும் தெளிவாகக் காட்டுவதற்காகக் கை இரத்த நாளத்தில் ஏற்றப்படும் அயடீன் கலந்த மருந்தையே இங்கே மாற்றுமருந்து என்கிறேன். வைத்தியசாலையில் இதைக் ‘கொன்ட்ராஸ்ட்’ என்பார்கள். சிறுநீர்க் கல்லுக்கும் தலையில் அடிபட்டதற்கும் பொதுவாக இது தேவையில்லை. கட்டி, தொற்று, இரத்தக் குழாய் அடைப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தேவை.

இந்த மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் சீரம் கிரியேட்டினின் பரிசோதனையின் அண்மைய அறிக்கையைக் கேட்பார்கள். சலரோகம், உயர் இரத்த அழுத்தம், ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களும், சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் வடமத்திய மாகாணம், வவுனியா போன்ற பகுதிகளிலிருந்து வருவோரும், ஊரிலேயே இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு பஸ் ஏறுவது நல்லது. சிறுநீரகம் இரத்தத்தை எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும், அறிக்கையிலுள்ள ‘ஈ.ஜி.எஃப்.ஆர்.’ என்ற எண் 30க்குக் கீழே இருந்தால், மருந்து ஏற்றலாமா என்பதை வைத்தியர்கள் கலந்துபேசியே முடிவெடுப்பார்கள். ஸ்கேனுக்கு எழுதித் தரும் வைத்தியரிடம் அதை முன்கூட்டியே காட்டிவிட்டால் பயணம் வீணாகாது.

சலரோகத்துக்கு மெட்ஃபோர்மின் பாவிப்பவர்கள் தாமாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. சிறுநீரகச் செயற்பாடு மிகக் குறைந்தவர்களுக்கு ஸ்கேன் நேரத்திலிருந்து 48 மணித்தியாலம் அதை நிறுத்தி, மறுபடி இரத்தம் பார்த்த பின்னர் தொடங்கச் சொல்வார்கள். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக இல்லை. எந்த வகையில் நீங்கள் அடங்குகிறீர்கள் என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் காத்திருப்பது ஆபத்தானது. பல இடங்களில் 4 மணித்தியாலம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வதால், காலை ஊசியையும் குளிசையையும் என்ன செய்வது என்று முந்திய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கலாமா என்றும் கேளுங்கள்; தடை இல்லாவிட்டால் நன்றாகக் குடிப்பதே சிறுநீரகத்துக்கு நல்லது.

ஒவ்வாமையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பு தடிப்பவர்களுக்கு இந்த மருந்து ஒத்துவராது என்று சொல்வார்கள். அது சரியல்ல, கடலுணவு ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றிலுள்ள புரதமே, அயடீன் அன்று. அவசியம் சொல்ல வேண்டியவை வேறு: முன்னர் இதே மருந்து ஏற்றியபோது உடல் தடித்ததா, மூச்சு முட்டியதா, மயக்கம் வந்ததா, ஆஸ்துமா உண்டா, தைரொயிட் நோய் உண்டா. பால் கொடுக்கும் தாய்மார் ஸ்கேனுக்குப் பின்னரும் பால் கொடுக்கலாம். மருந்து பாலில் சேரும் அளவு மிகமிகச் சொற்பம்.

மேசையில்

படமெடுக்கும் பகுதிக்குள் வரும் உலோகம் எதுவும் படத்தில் கோடுகோடாகக் கீறி, பார்க்க வேண்டிய இடத்தை மறைத்துவிடும். தலைக்கு எடுத்தால் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, கழற்றக்கூடிய பொய்ப்பல். நெஞ்சுக்கு எடுத்தால் தாலிக்கொடி, சங்கிலி, அச்சரக்கூடு. வயிற்றுக்கு எடுத்தால் அரைஞாண் கொடி, பெல்ட், ஊக்கு. தாலியைக் கழற்ற மனமில்லாத அம்மாமார் உண்டு. தலைக்கோ வயிற்றுக்கோ மட்டும் எடுப்பதென்றால் அதைக் கழற்ற வேண்டியிராது. ‘மகள், இதைக் கழற்றத்தான் வேணுமா?’ என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். கழற்றியே ஆகவேண்டுமென்றால் வீட்டிலிருந்தே ஒரு சிறு பை கொண்டுவந்து, கூட வந்தவரின் கையில் கொடுத்துவிடுவது பாதுகாப்பானது.

கை மடிப்பில் ஒரு கனியுலா (மருந்து ஏற்றுவதற்கான மெல்லிய குழாய்) போடுவார்கள். மேசையில் மல்லாந்து படுக்க வைத்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் என்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்வார்கள். தோள்வலி உள்ளவர்கள் அதை முன்பே சொன்னால் தலையணை வைத்துத் தருவார்கள். இயந்திரம் ஒரு வளையம் மட்டுமே, எம்.ஆர்.ஐ. போல நீண்ட குழாய் அன்று, அதனால் அடைபட்ட பயம் பொதுவாக வருவதில்லை. படமெடுப்பவர் கண்ணாடிக்கு அப்பால் உள்ள அறையில் இருப்பார். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும்.

மருந்து ஏறும்போது உடம்பெங்கும் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும், சிறுநீர் போய்விட்டதைப்போன்ற உணர்வு வரும். உண்மையில் போகவில்லை, அரை நிமிடத்தில் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே அறியாத வயதானவர்கள் பதறி எழும்ப முயல்வதால்தான் பல படங்கள் அசைந்து கெட்டுப்போகின்றன. அப்பாவையோ பெரியம்மாவையோ அழைத்துப் போகிறீர்களானால், ஸ்கேன் அறைக்குப் போகும் முன் இந்த மூன்று உணர்வுகளையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் ஊசி போட்ட இடத்தில் வீங்கி வலித்தாலோ, தொண்டை அடைத்தாலோ, மூச்சுத் திணறினாலோ, உடம்பு அரித்தாலோ பொறுத்துக்கொள்ளாமல் உடனே குரல் கொடுக்க வேண்டும்.

மூச்சுப் பிடிக்கச் சொல்வது இன்னொரு முக்கியமான கட்டம். ஈரலும் நுரையீரலும் மூச்சோடு மேலும் கீழும் அசைவதால், சில விநாடிகள் மூச்சை அடக்கினால்தான் படம் தெளிவாக வரும். கொழும்பில் இந்தக் கட்டளை சிங்களத்திலோ, இயந்திரத்தின் பதிவு செய்த ஆங்கிலக் குரலிலோ வரக்கூடும். ‘ஹுஸ்ம கன்ன’ என்றால் மூச்சை இழுக்க வேண்டும். ‘அல்லாகன்ன’ என்றால் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘ஹெல்லென்ன எபா’ என்றால் அசையக் கூடாது. தமிழ் மட்டுமே தெரிந்தவரென்றால் அதை ஆரம்பத்திலேயே சொல்லி, மூச்சுப் பிடிப்பதை ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த தாதியோ உதவியாளரோ அருகில் இருந்தால் பெரும்பாலும் அழைத்துவிடுவார்கள். முந்திய நாள் இரவு வீட்டிலேயே பத்து விநாடி மூச்சுப் பிடித்துப் பழகிவந்தால் இன்னும் நல்லது.

முடிந்ததும் உடனே ஓடிவிட வேண்டாம். மருந்து ஏற்றியவர்கள் அரை மணித்தியாலம் அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும், கனியுலாவையும் அதுவரை எடுக்காமல் வைப்பதே முறை. ஏற்றிய மருந்தின் பெயரைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள். பின்னொரு நாள் உடம்பில் தடிப்பு வந்தாலோ, அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போதோ அந்தப் பெயர் தேவைப்படும்.

அறிக்கை கைக்கு வந்ததும்

அறிக்கையைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தருவார்கள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒருவர் கைபேசியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பார்ப்பதும், இரவெல்லாம் குடும்பமே உறங்காமல் இருப்பதும் வழக்கமாகிவிட்டது. ‘ஹைப்போடென்ஸ்’ என்பது சுற்றியுள்ள திசுவைவிடக் கருமையாகத் தெரிகிறது என்பதை மட்டுமே குறிக்கும். ‘ஹைப்பர்டென்ஸ்’ என்றால் வெண்மையாகத் தெரிகிறது. ‘லீஷன்’ என்பது வேறுபட்டுத் தெரியும் எந்தவோர் இடத்துக்கும் எழுதப்படும் பொதுச்சொல், புற்றுநோய் என்று அர்த்தமல்ல. கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ என்ற தலைப்பின் கீழ் உள்ள சில வரிகளே நிபுணரின் முடிவு. அங்கே ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ வேண்டும் என்று எழுதியிருந்தால், நோயாளியைப் பரிசோதித்த வைத்தியரே மற்ற அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

தேடியது ஒன்று, தற்செயலாகக் கண்டது வேறொன்று என்பதும் அடிக்கடி நடக்கும். சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி வயது போனவர்களில் பலருக்கு இருக்கும். அதற்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. நுரையீரலில் 6 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஒற்றை முடிச்சு, புகைத்தல் போன்ற ஆபத்துக் காரணிகள் இல்லாதவருக்கு, பொதுவாக மறுபடி ஸ்கேன் எடுக்கத் தேவையற்றது. புகைப்பவருக்கும் ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவருக்கும் கணக்கு வேறு. இவற்றை வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே உறவினருக்குத் தொலைபேசி எடுங்கள்.

அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பாமல், படங்கள் அடங்கிய சீடியையும் கேட்டு வாங்கி, பெயரும் வயதும் சரியாக உள்ளனவா என்று அந்த இடத்திலேயே சரிபாருங்கள். பிலிமில் சில படங்களே இருக்கும். சீடியில் எல்லாத் துண்டுகளும் இருக்கும். சத்திரசிகிச்சை நிபுணர் கட்டிக்கும் இரத்தக் குழாய்க்கும் இடையேயுள்ள தூரத்தைத் தம் கண்ணால் அளந்து பார்ப்பது அதில்தான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ மட்டக்களப்பிலோ சிகிச்சையைத் தொடரப் போகிறீர்களென்றால், அங்குள்ள வைத்தியர் முதலில் கேட்பது அந்தச் சீடியைத்தான். கீறல் விழாத உறையில் போட்டு, திகதியையும் எந்தப் பகுதிக்கு எடுத்தது என்பதையும் மேலே எழுதி, கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.